பூனையின் தொங்கும் வயிறு: கமக்காரர் இல்லங்களுக்கு ஒரு விளக்கம்

கமக்காரனின் இல்லத்தில் நெல்லைக் காப்பவை இரண்டு. ஒன்று, நன்றாக அடைக்கப்பட்ட களஞ்சியம். மற்றொன்று, அக்களஞ்சியத்தின் அருகே படுத்துறங்கும் பூனை. மகாவலி கங்கையை அடுத்துள்ள குண்டசாலைப் பகுதியிலே வயலும் மரக்கறித் தோட்டமும் வீட்டு முற்றத்தோடு ஒட்டியே கிடக்கின்றன. ஆதலால் எலியும் எளிதில் வீட்டினுள் நுழைகின்றது. பூனையும் அங்கு தேவைப்படுகின்றது. பசுவுக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும் நோய் கண்டால் உடனே கவலைப்படும் நாம், பூனையின் உடல்நலத்தைப் பற்றி அவ்வளவாகச் சிந்திப்பதில்லை.

எனினும் ஒரு காட்சி பலரையும் ஐயுறச் செய்கின்றது. முற்றத்தைக் கடந்து ஓடும் பூனையின் பின்னங்கால்களுக்கு முன்பாக, அடிவயிற்றுத் தோல் ஒரு வெற்றுப்பை போலத் தொங்கி இருபுறமும் அசைகின்றது. “இது சினையோ? பூச்சி வயிறோ? கொழுத்துவிட்டதோ? சத்திரசிகிச்சை செய்ததனால் வந்த கேடோ?” என்று வீட்டார் கேட்கின்றனர்.

இவ்வினாவுக்குச் சரியான விடையை அறியாமையால் இருவகைத் தவறுகள் நேர்கின்றன. நலமாயுள்ள பூனையை நோயுற்றதெனக் கருதி அதனைப் பட்டினி போடுவது ஒரு தவறு. நோயினால் வீங்கிய வயிற்றை வெறும் கொழுப்பெனக் கருதி, காலந் தாழ்த்தி அப்பூனையை இழப்பது மற்றொரு தவறு. இவ்விரண்டையும் தவிர்க்கும் வழியை விளக்குவதே இத்துண்டுப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

நெல்லும் பூனையும்

பூனை மனிதனோடு வாழத் தொடங்கியது கமத்தொழிலின் பயனாகவே ஆகும். ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்னர் மேற்காசியாவில் மக்கள் தானியம் பயிரிட்டுச் சேமிக்கத் தலைப்பட்டனர். சேமித்த தானியத்தை நாடி எலிகள் வந்தன. எலிகளை நாடிக் காட்டுப்பூனைகள் வந்தன. சைப்பிரசுத் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு புதைகுழியில் மனிதனுடன் ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை ஆராய்ச்சியாளர் கண்டு 2004 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். உலகெங்குமுள்ள வீட்டுப்பூனைகள் யாவும் மேற்காசியக் காட்டுப்பூனையின் வழித்தோன்றல்களே என்பதை 2007 ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆராய்ச்சி உறுதிப்படுத்தியது.

நாய், மாடு, ஆடு ஆகியவற்றை மனிதன் தன் தேவைக்கேற்பப் பெரிதும் மாற்றியமைத்தான். பூனையையோ அவ்வளவாக மாற்றவில்லை. அதன் உடலமைப்பு இன்றும் காட்டுப்பூனையின் உடலமைப்பை ஒத்ததாகவே இருக்கின்றது. தொங்கும் அடிவயிற்றை விளங்கிக்கொள்வதற்கு இவ்வுண்மை முதற்படியாகும்.

தொங்கும் மடிப்பு யாது?

பூனையின் அடிவயிற்றின் நீளத்திற்கு, சிறப்பாகப் பின்னங்கால்களுக்குச் சற்று முன்பாக, தளர்ந்த தோலும் அதனுள் சிறிதளவு கொழுப்பும் சேர்ந்து ஒரு மடிப்பாக அமைந்திருக்கும். ஆங்கிலத்தில் இதற்கு ‘ஆதிப்பை’ எனப் பொருள்படும் பெயர் வழங்குகின்றது. இது நோயன்று, காயமன்று, வளர்ப்பவரின் கவனக்குறைவால் விளைந்ததுமன்று. பூனையின் உடலோடு பிறந்த அமைப்பேயாகும்.

இம்மடிப்பு கடுவன் பூனைகளிலும் பெட்டைப் பூனைகளிலும் காணப்படும். குட்டி ஈன்ற பூனையிலும் ஈனாத பூனையிலும், சத்திரசிகிச்சை செய்யப்பட்டதிலும் செய்யப்படாததிலும் காணப்படும். மிகச் சிறிய குட்டிகளில் இது புலப்படாது. ஏறத்தாழ ஆறு மாத வயதளவில் வெளித்தெரியத் தொடங்கும். சில பூனைகளில் பெரிதாகவும், சிலவற்றில் கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறிதாகவும் இருக்கும். ஒரே தாய் ஈன்ற குட்டிகளிலும் இவ்வேறுபாடு உண்டு. மெலிந்த பூனையிலும் மடிப்புத் தொங்கலாம். முன்பு கொழுத்திருந்து பின் மெலிந்த பூனையில், உள்ளிருந்த கொழுப்புக் குறைந்து தோல் மட்டும் எஞ்சுவதால், அது இன்னும் தெளிவாகத் தெரியும்.

சிங்கம், புலி முதலிய பெரிய விலங்குகளிலும் இத்தகைய தளர்ந்த அடிவயிற்றைக் காணலாம். மேனாட்டார் வளர்க்கும் எகிப்திய மௌ, பிக்சிபொப் ஆகிய பூனை இனங்களில் இம்மடிப்பு அவ்வினத்திற்குரிய இலட்சணமாகவே கொள்ளப்படுகின்றது. நாம் குறையெனக் கருதுவது, பிறிதோரிடத்தில் அழகெனக் கருதப்படுகின்றது.

இம்மடிப்பின் பயன் யாது?

இதன் பயன் குறித்து மூன்று விளக்கங்கள் கூறப்படுகின்றன. இவற்றுள் எதுவும் ஐயத்துக்கிடமின்றி நிறுவப்படவில்லை. எனினும் மூன்றும் பூனையின் வாழ்க்கை முறைக்குப் பொருந்துவனவாகவே உள்ளன.

முதலாவது, பாதுகாப்பு. இரு கடுவன் பூனைகள் சண்டையிடும்போது, ஒன்றையொன்று முன்னங்கால்களாற் பற்றிக்கொண்டு, பின்னங்கால் நகங்களால் எதிரியின் வயிற்றைக் கிழிக்க முயலும். வயிற்றின்மீது தளர்ந்த தோல் இருப்பின், நகம் அத்தோலை இழுத்துச் செல்லுமேயன்றி உள்ளுறுப்புகளை எளிதில் தாக்காது.

இரண்டாவது, அசைவுக்கு இடந்தருதல். பூனை விரைந்து ஓடும்போது முதுகெலும்பு வில்லைப் போல வளைந்து நிமிரும்; பின்னங்கால்கள் வெகுதூரம் பின்னோக்கி நீளும். அடிவயிற்றுத் தோல் இறுகியிருப்பின் அந்நீட்சி தடைப்படும். வரம்பிலிருந்து வரம்பிற்குப் பாயும் பூனையைக் கவனித்தவர்கள் இதனை எளிதில் உணர்வர்.

மூன்றாவது, உணவுக்கு இடமளித்தல். காட்டில் வாழும் விலங்குக்கு நாள்தோறும் இரை கிடைப்பதில்லை. கிடைத்தபோது மிகுதியாக உண்ண வேண்டும். வயிறு விரிவதற்குத் தளர்ந்த தோல் உதவும் என்பர்.

கையாற் சோதித்து அறியும் முறை

கண்ணால் மட்டும் பார்த்துத் தீர்மானிப்பது போதாது. பூனை அமைதியாக நிற்கும் வேளையில் பின்வரும் ஐந்து சோதனைகளைச் செய்து பாருங்கள். இவற்றிற்கு ஐந்து நிமிடமே செல்லும்.

1. விலா எலும்பு: இரு கைகளையும் பூனையின் மார்பின் இருபுறமும் மெதுவாக வைத்துத் தடவுங்கள். அழுத்தாமலே விலா எலும்புகள் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். அழுத்தித் தேடினாலும் தட்டுப்படாவிடின் பூனை கொழுத்துள்ளது. தோலுக்கு வெளியே துருத்திக்கொண்டிருப்பின் மிக மெலிந்துள்ளது.

2. இடை: பூனையை மேலிருந்து நோக்குங்கள். விலாவுக்குப் பின்னால் இடை சற்று ஒடுங்கியிருக்க வேண்டும். இடை ஒடுங்கியிருந்தும் கீழே தோல் தொங்குமாயின், அது இயற்கையான மடிப்பேயாகும். இடையே இல்லாமல் இருபக்கமும் புடைத்திருப்பின், வயிற்றினுள்ளே யாதோ ஒன்று மிகுந்துள்ளது.

3. மடிப்பின் தன்மை: தொங்கும் பகுதியை இரு விரல்களுக்கிடையே மென்மையாகப் பிடித்துப் பாருங்கள். இயற்கையான மடிப்பு மென்மையாகவும் தளர்ந்தும் இருக்கும். இருபுறமும் எளிதாக அசையும். பூனைக்கு நோவு தராது. இறுக்கமான வீக்கமோ, சூடோ, கடினமான கட்டியோ இருப்பின் அது இயற்கையான மடிப்பன்று.

4. தொங்கும் இடம்: இயற்கையான மடிப்புப் பின்னங்கால்களுக்கு முன்பாக, வயிற்றின் நடுக்கோட்டையொட்டித் தொங்கும். வயிறு முழுவதும் மத்தளம்போல் உருண்டிருந்தாலோ, ஒரு பக்கத்தில் மட்டும் புடைப்பிருந்தாலோ ஐயுறுதல் வேண்டும்.

5. காலம்: இயற்கையான மடிப்பு மாதக்கணக்கில் மெல்ல வளர்ந்து, பின் அவ்வாறே நிலைத்திருக்கும். சில நாட்களிலோ வாரங்களிலோ பெருகிய வயிறு இயற்கையானதன்று.

இச்சோதனைகளோடு பூனையை மாதமொருமுறை நிறுத்துப் பார்த்தலும் நன்று. மரக்கறி நிறுக்கும் தராசு உங்களிடம் உண்டு. பூனையை ஒரு கூடையிலிட்டு நிறுத்து, கூடையின் நிறையைக் கழித்துவிடலாம். சாதாரண வீட்டுப்பூனை பெரும்பாலும் 3 முதல் 5 கிலோகிராம் வரை இருக்கும். நிறையை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். வயிறு பெருக்க, நிறை குறையுமாயின் அது தீக்குறியாகும்.

கொழுப்பினாற் பருத்த வயிறு

பூனை ஊனுண்ணும் விலங்கு. அதற்கு விலங்குப் புரதம் இன்றியமையாதது. இறைச்சியிலும் மீனிலும் உள்ள டோரின் என்னும் சத்து நெடுநாட் குறையுமாயின், பூனையின் கண் பார்வையும் இதயமும் பழுதுறும். வெறுஞ் சோற்றுடன் சொதியும் தேங்காய்ப்பூவும் இட்டு வளர்க்கும் பூனை, வயிறு நிறைந்து கொழுத்திருந்தும் சத்துக் குறைந்ததாய் இருத்தல் கூடும். எலி பிடிக்கட்டுமென உணவே இடாமல் விடுவதும் முறையன்று. ஓரளவு உணவு பெற்று வலிமையோடிருக்கும் பூனையும் வேட்டையாடும். உணவற்ற பூனை அயலவர் கோழிக்குஞ்சுகளை நாடும். பாலும் பூனைக்கு அவசியமானதன்று. வளர்ந்த பூனைகள் பலவற்றிற்குப் பால் வயிற்றோட்டத்தை உண்டாக்கும்.

பூனை கொழுத்துள்ளதெனக் கண்டால், உணவைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். வாரத்திற்கு உடல்நிறையின் நூற்றில் ஒரு பங்கு முதல் இரு பங்கு வரை குறைதலே போதும். 5 கிலோகிராம் நிறையுள்ள பூனைக்கு இது 50 முதல் 100 கிராம் ஆகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கொழுத்த பூனையை ஒருபோதும் பட்டினி போடாதீர்கள். உணவின்றிச் சில நாட்கள் கழியுமாயின், உடலிலுள்ள கொழுப்புப் பெருமளவில் ஈரலிற் சென்று சேர்ந்து, ஈரல் செயலிழக்கும். பூனையின் கண்ணும் பல்முரசும் மஞ்சள் நிறமடையும்; சிகிச்சையளிக்காவிடின் இறக்கும். “வயிறு தொங்குகின்றது, இரண்டு நாள் பட்டினி கிடக்கட்டும்” என்பது நன்மை கருதிச் செய்யப்படும் பெருந்தீங்காகும். தானாகவே உணவை வெறுக்கும் பூனையையும் இரண்டாவது நாளுக்குமேல் வீட்டில் வைத்துக்கொண்டு காத்திருத்தலாகாது.

சினையுற்ற வயிறு

பூனையின் சினைக்காலம் ஏறத்தாழ 63 முதல் 65 நாட்களாகும். மூன்றாவது வாரமளவில் முலைக்காம்புகள் சிவந்து பருக்கும். ஐந்தாவது வாரத்திற்குப் பின் வயிறு இருபக்கமும் புடைத்து வட்டமாகத் தோன்றும். இயற்கையான மடிப்பைப் போல அது வெறுமையாய்த் தொங்காது. ஐந்து மாதக் குட்டியும் சினையாதல் கூடும் என்பதை மறவாதீர்கள். குட்டிகள் இருக்கின்றனவா என்று வயிற்றை அமுக்கிப் பார்த்தல் ஆபத்தாகும். அதனை மிருக வைத்தியரிடம் விட்டுவிடுங்கள்.

குட்டிகளின் பானை வயிறு

கையும் காலும் மெலிந்து, உரோமம் ஒளியிழந்து, வயிறு மட்டும் பானைபோற் பருத்திருக்கும் குட்டியைக் கண்டிருப்பீர்கள். அது கொழுப்புமன்று, மடிப்புமன்று. பெரும்பாலும் வட்டப்புழுக்களே அதற்குக் காரணமாகும். இப்புழுக்களின் இளம்பருவம் தாய்ப்பாலின் வழியே குட்டிகளைச் சென்றடையும். வளர்ந்த பூனையோ, தான் உண்ணும் எலியிலிருந்து வட்டப்புழுவையும் நாடாப்புழுவையும் பெறும். தெள்ளை விழுங்குவதனாலும் ஒருவகை நாடாப்புழு உண்டாகும். வாலின் அடியில் அரிசிமணி போன்ற துண்டுகள் ஒட்டியிருப்பது அதன் அடையாளம்.

குட்டிகளுக்கு மூன்று வார வயதில் பூச்சிமருந்து கொடுக்க ஆரம்பித்து, இரு வாரங்களுக்கு ஒருமுறை, பால் மறந்து இரு வாரம் கழியும்வரை தொடர்தல் வழக்கம். தாய்க்கும் கூடவே கொடுத்தல் வேண்டும். எலி பிடிக்கும் வளர்ந்த பூனைக்கு ஆண்டிற்கு நான்கு முறையேனும் கொடுத்தல் நன்று. மருந்தின் அளவு நிறையைப் பொறுத்தது. ஆதலின் மருந்தையும் அளவையும் மிருக வைத்தியரிடமே கேட்டறியுங்கள். நாய்க்கு வாங்கிய தெள்ளு மருந்தைப் பூனைக்கு இடுதல் கூடாது. அவற்றுட் சிலவற்றிலுள்ள பேர்மெத்திரின் பூனையைக் கொல்லும். மனிதருக்குரிய பரசிற்றமோல் குளிசையும் பூனைக்குக் கொடிய நஞ்சாகும்; அரைக் குளிசையும் உயிரைப் போக்கலாம்.

காலந் தாழ்த்தக் கூடாத வீக்கங்கள்

பின்வரும் நிலைகளில் வயிற்றின் வீக்கம் உயிருக்கு ஆபத்தானது.

நீர் கோத்தல்: இதயம், ஈரல் ஆகியவற்றின் நோய்களால் வயிற்றினுள் நீர் சேரும். இளம் பூனைகளில், பூனைகளுக்கேயுரிய ஒருவகைக் கொரோனா வைரசினாலும் இவ்வாறு நேரும். அவ்வைரசு மனிதருக்குத் தொற்றுவதன்று. வயிறு நீர் நிறைந்த தோற்பைபோலத் ததும்பும். முதுகெலும்போ மெலிந்து துருத்தும். முன்னாளில் இவ்வைரசு நோய் கண்ட பூனை பிழைப்பது அரிதாயிருந்தது. அண்மைக் காலத்தில் வைரசை அடக்கும் மருந்துகளாற் பல பூனைகள் குணமடைந்துள்ளன.

கருப்பையிற் சீழ்: சத்திரசிகிச்சை செய்யப்படாத பெட்டைப் பூனைகளில், வேட்கைக்காலம் முடிந்து சில வாரங்களில் இந்நோய் தோன்றலாம். வயிறு பெருக்கும், பூனை மிகுதியாக நீர் குடிக்கும், சோர்ந்து கிடக்கும், பின்புறத்திற் சீழ் வடியலாம். சினையென்று எண்ணிக் காத்திருப்போர் பூனையை இழப்பர்.

சிறுநீர் அடைப்பு: இது சிறப்பாகக் கடுவன் பூனைகளுக்கு நேர்வது. பூனை அடிக்கடி குந்தி முக்கும், கத்தும், சிறுநீர் துளியும் வெளிவராது. அடிவயிற்றிற் சிறுநீர்ப்பை கல்லைப்போல் இறுகியிருக்கும். மலச்சிக்கலென்று எண்ணி எண்ணெய் புகட்டிக் காலத்தை வீணாக்காதீர்கள். ஓரிரு நாட்களுள் பூனை இறந்துவிடும். அன்றைக்கே வைத்தியம் வேண்டும்.

கட்டி: முலைகளின் வரிசையிற் கடினமான சிறு கட்டி தட்டுப்படின் அது புற்றுநோயாக இருத்தல் கூடும். இளமையிலேயே சத்திரசிகிச்சை செய்யப்பட்ட பெட்டைகளுக்கு இந்நோய் வருவது குறைவு.

எலிநஞ்சும் பூனையும்

கமக்காரர் இல்லங்களுக்கே உரிய ஆபத்து ஒன்றைத் தனியே கூறுதல் வேண்டும். எலிநஞ்சுகளுட் பல, இரத்தம் உறைவதைத் தடுத்து எலியைக் கொல்வன. நஞ்சுண்ட எலி உடனே இறப்பதில்லை. சில நாட்கள் தளர்ந்து திரியும். தளர்ந்த எலியைப் பூனை எளிதிற் பிடித்து உண்ணும். அதனால் நஞ்சு பூனையின் உடலிலும் சேரும். சில நாட்களின் பின்னர் பூனை சோர்வுறும், பல்முரசு வெளிறும், மூக்கிலோ மலத்திலோ இரத்தம் காணப்படும், மூச்சு வாங்கும், சிலவேளைகளில் வயிற்றினுள் இரத்தம் கசிந்து வயிறு பெருக்கும்.

இத்தகைய நஞ்சுக்கு மாற்றுமருந்து உண்டு. விற்றமின் கே1 காலத்தே அளிக்கப்படின் பூனையைக் காப்பாற்றலாம். ஆகவே நஞ்சுப் பொதியின் உறையை எறிந்துவிடாமல் வைத்திருந்து, மிருக வைத்தியரிடம் எடுத்துச் செல்லுங்கள். எவ்வகை நஞ்சென்று அறிந்தாலன்றி அவரால் உரிய சிகிச்சையளிக்க இயலாது. உப்புநீர் புகட்டி வாந்தி எடுக்கச் செய்ய முயலுதல் தீமையையே விளைக்கும்.

பூனையையும் வைத்துக்கொண்டு நஞ்சையும் இடுவது, காவற்காரனை அமர்த்தி அவனுக்கே பொறி வைப்பதை ஒக்கும். நஞ்சிடாமலே எலியைக் குறைக்கும் வழிகள் பல உள. வயல் வரம்புகளை உயரத்திலும் அகலத்திலும் 30 சென்ரிமீற்றருக்கு மேற்படாதவாறு அமைத்தால், எலி வளை தோண்ட இடமிராது. அயல் வயல்கள் யாவற்றிலும் இரு வாரங்களுக்குள் விதைப்பையோ நடுகையையோ முடித்தால், எலிகளுக்கு நீண்டகாலம் உணவு கிடையாது. வரம்பின் புல்லைச் செதுக்குதல், வளைகளைத் தோண்டி அழித்தல், பொறி வைத்தல் ஆகியவற்றை அயலவர் யாவரும் ஒருங்கே செய்தல் வேண்டும். களஞ்சியத்தை நிலத்திலிருந்து உயர்த்தி, அதன் கால்களிற் தகரத்தாலான தடுப்புகளைப் பொருத்துவதும் பயன்தரும்.

பூனையிடமிருந்து அளவுக்கு மீறி எதிர்பார்த்தலும் ஆகாது. அது சுண்டெலியையும் இளம் எலியையும் விரும்பிப் பிடிக்கும். பெருச்சாளியை எதிர்க்கத் தயங்கும். நியூயோர்க் நகரிற் செய்யப்பட்டு 2018 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், பூனைகள் வளர்ந்த பெரிய எலிகளை அரிதாகவே தாக்கின எனக் காணப்பட்டது. வீட்டைக் காக்கப் பூனை உதவும். வயலைக் காப்பது கமக்காரனின் கடமை.

தோட்டமும் வீட்டாரின் சுகமும்

பூனை மென்மையான மண்ணைத் தோண்டி மலங்கழிக்கும். மரக்கறிப் பாத்தியின் மண்ணே அதற்கு மிகவும் உவப்பானது. அம்மலத்திலுள்ள வட்டப்புழு முட்டைகள் சில வாரங்களில் தொற்றும் நிலையடைந்து, ஈரமண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். மண்ணளைந்து விளையாடும் சிறுவரின் உடலில் அவை சென்றாற் கண்ணும் ஈரலும் பாதிக்கப்படலாம். எலியை உண்ட பூனை, தொட்சோபிளாசுமா என்னும் நுண்ணுயிரையும் மலத்தோடு வெளியேற்றுதல் கூடும். கருவுற்ற தாய்மாரின் சிசுவுக்கு அது கேடு விளைக்கும்.

ஆதலின் நாற்றுமேடைகளை வலையால் மூடுங்கள். வீட்டின் ஒதுக்குப்புறத்தில் மணல் நிரப்பிய இடமொன்றைப் பூனைக்கு ஒதுக்கி, மலத்தை நாள்தோறும் அகற்றிப் புதையுங்கள். கருவுற்ற பெண்கள் அவ்வேலையைச் செய்யாதிருத்தல் நன்று. பாத்தியில் வேலைசெய்தபின் சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள். வல்லாரை, சலாது முதலிய பச்சையாக உண்ணும் இலைகளை ஓடும் நீரிற் பன்முறை கழுவியே உண்ணுங்கள்.

பூனை இருப்பதனால் எலிக்காய்ச்சல் வராது என எண்ணுதலும் தவறு. 2008 ஆம் ஆண்டில் இலங்கையில் 7,000 இற்கு மேற்பட்டோர் எலிக்காய்ச்சலுக்கு ஆளானதாக ஐயுறப்பட்டது. நெல்வயலில் இறங்குவோருக்கு இந்நோயின் ஆபத்து மிகுதி. பெரும்போகத்திலும் சிறுபோகத்திலும் வயலில் இறங்குமுன், தடுப்பு மருந்து பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். கால்களிற் புண் இருப்பின் மூடிக்கொள்ளுங்கள். காய்ச்சல் கண்டால், வயலில் வேலை செய்ததை வைத்தியரிடம் தவறாது கூறுங்கள். பூனைக்கு விசர்நோய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் போடுவித்தலும் இன்றியமையாதது. பூனை கடித்தாற் காயத்தைச் சவர்க்காரமிட்டு 15 நிமிடம் ஓடும் நீரிற் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

சத்திரசிகிச்சையால் வயிறு தொங்குமா?

கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வித்தால் பூனையின் வயிறு தொங்கிவிடும் என அஞ்சி, பலர் அதனைத் தவிர்க்கின்றனர். இவ்வச்சம் ஆதாரமற்றது. சிகிச்சை செய்யப்படாத கடுவனுக்கும் பெட்டைக்கும் அதே மடிப்பு உண்டு என மேலே கண்டோம். உண்மை யாதெனில், சிகிச்சைக்குப் பின் பூனையின் உடலுக்கு வேண்டிய உணவின் அளவு குறைகின்றது, பசியோ கூடுகின்றது. முன்போலவே உணவிட்டாற் கொழுப்பு மடிப்பினுட் சேர்ந்து, முன்பு தெரியாதிருந்தது தெரியத் தொடங்கும். உணவின் அளவைக் கவனித்தால் இது நேராது. தையலிட்ட இடத்தில் மட்டும் புதிதாய் வீக்கம் தோன்றின், அதனை வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

வேண்டாத குட்டிகளைச் சாக்கிலிட்டுச் சந்தையருகிலும் ஆற்றோரத்திலும் விட்டுவரும் கொடுமைக்கு இச்சிகிச்சையே முடிவுகட்டும்.

எங்கே செல்வது?

உங்கள் பிரிவிலுள்ள அரச மிருக வைத்திய அலுவலகம் பசுவுக்கு மட்டும் உரியதன்று. பூனையைக் குறித்தும் அங்கே ஆலோசனை பெறலாம். கடினமான நோய்களுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா வைத்தியசாலையை நாடலாம். பூனையைக் காற்றோட்டமுள்ள பெட்டியிலோ மூடிய கூடையிலோ கொண்டு செல்லுங்கள். உரப்பையில் இட்டுக் கட்டிச் செல்லாதீர்கள்; நீர் கோத்த வயிறுள்ள பூனை மூச்சடைத்து வழியிலேயே இறத்தல் கூடும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. மென்மையாய், நோவின்றி, இருபுறமும் அசைந்து தொங்கும் அடிவயிறு இயற்கையானது. அதற்கு மருந்து வேண்டா.

2. விலா எலும்பையும் இடையையும் பார்த்தே பூனை கொழுத்ததா என முடிவு செய்யுங்கள். தொங்கும் தோலைப் பார்த்தன்று.

3. பூனையைப் பட்டினி போடாதீர்கள்.

4. குட்டியின் பானை வயிற்றுக்குப் பூச்சிமருந்து வேண்டும்.

5. விரைவிற் பெருகிய வயிறு, இறுகிய வயிறு, நோவுள்ள வயிறு, வெளிறிய முரசு, சிறுநீர் அடைப்பு ஆகியவற்றிற்கு அன்றே வைத்தியம் வேண்டும்.

6. ஓய்ந்திருக்கும் பூனை நிமிடத்திற்கு 20 முதல் 30 தடவை மூச்சுவிடும். உறக்கத்திலும் 40 இற்கு மேற்படின் ஆபத்து.

7. பூனையுள்ள வீட்டில் எலிநஞ்சைத் தவிருங்கள்.

கமக்காரர்களே, இன்று மாலை பூனை அடுப்பங்கரைக்கு வந்து படுக்கும் வேளையில் அதன் விலாவைத் தடவிப் பாருங்கள். தொங்கும் தோலை விரலாற் பிடித்துப் பாருங்கள். அது மென்மையாய் அசையுமாயின் கவலையின்றி இருங்கள். அங்ஙனமன்றி ஐயமுண்டாயின், பொழுது விடிந்ததும் வயலுக்குச் செல்லுமுன் வைத்தியரை நாடுங்கள். மேலே ஐந்தாவதாகக் கூறிய குறிகளுள் ஒன்றேனும் காணப்படின் விடியும்வரையுங் காத்திராதீர்கள். உங்கள் நெல்லைக் காக்கும் உயிருக்கு நீங்கள் செய்யக்கூடிய சிறு கைம்மாறு இதுவாகும்.